இன்ஸ்டால் ஃபெஸ்ட் மேசைக்கு வரும் மடிக்கணினிகள்: லினக்ஸ் மன்றத்தாரின் அனுபவப் பகிர்வு

நிறுவல் மேசை

பல்கலைக்கழக லினக்ஸ் மன்ற நிகழ்ச்சிகளில் அதிகக் கூட்டம் சேர்வது, வருபவரின் மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸையும் போட்டுக்கொள்ள உதவும் இன்ஸ்டால் ஃபெஸ்ட்டுக்குத்தான். கை தவறினால் அடுத்தவர் கோப்புகள் பறிபோவதும் அங்கேதான். நிறுவியை ஓட்டுவது அரை மணி நேர வேலை. அதற்கு முன்னால் விண்டோஸுக்குள் முடிக்கவேண்டியதை முடிக்காமல் பென்டிரைவைச் செருகினால் அன்றைய பொழுது போய்விடும்.

முதலில் பிட்லாக்கர், அதாவது வட்டை மறையாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி. "நான் எதையும் என்கிரிப்ட் பண்ணலையே" என்று கணினிக்காரர் உறுதியாகச் சொல்வார். அவர் பண்ணியிருக்கவே வேண்டாம். பல புதிய கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்ததுமே வட்டு தானாகப் பூட்டிக்கொள்ளும். அட்மின் உரிமையோடு கட்டளைத் திரையைத் திறந்து மேனேஜ்-பிடிஇ என்ற கட்டளையிடம் ஸ்டேட்டஸ் கேட்டால் உண்மை தெரியும். பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கண்ணால் பார்த்து, காகிதத்தில் எழுதி, கணினிக்காரரின் பையில் வைத்த பிறகுதான் கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸைத் தொடவேண்டும். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் எழவிடும் செக்யூர் பூட் அமைப்பை மாற்றினால், பிட்லாக்கர் சாவியைக் காக்கும் டிபிஎம் சில்லு பதிவுசெய்து வைத்த அளவீடு பொருந்தாது. அடுத்த முறை விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கும். சாவி இல்லையென்றால் வட்டிலுள்ளதை யாராலும் மீட்டுத் தர முடியாது.

அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸை விரைவாக எழுப்பும் இந்த வசதி இயங்கினால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் கெர்னல் (அதன் மையப் பகுதி) முழுதாக அணையாது, தன் நிலையை வட்டில் எழுதிவிட்டு உறங்கும். விண்டோஸ் இருக்கும் அந்த என்டிஎஃப்எஸ் வகை வட்டுப் பகுதியில் லினக்ஸ் எழுத மறுக்கும், வாசிக்க மட்டும் திறக்கும். பவர்சிஎஃப்ஜி கட்டளையால் இப்படி உறங்கும் ஹைபர்னேஷன் வசதியையே நிறுத்திவிடுவது நல்லது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போகும், நிலையை எழுதி வைக்கும், நகர்த்த முடியாத அந்தப் பெரிய ஹைபர்ஃபில் கோப்பும் போகும். 200 ஜிபி காலியாக இருந்தும் டிஸ்க் மேனேஜ்மென்ட் 20 ஜிபிதான் சுருக்க முடியும் என்று அடம்பிடிக்கும் கணினிகள் பலவும் இதற்குப் பிறகு வழிக்கு வந்துவிடும். லினக்ஸுக்கு இடம் விட விண்டோஸ் பகுதியைச் சுருக்குவதை விண்டோஸிலேயே செய்யுங்கள்.

நிறுவியில் வட்டே தெரியவில்லை என்று கை தூக்குபவர் ஒவ்வொரு முறையும் ஒருவராவது இருப்பார். வட்டு பழுதென்று நினைத்துப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் பயாஸில் சேமிப்பக முறை இன்டெல் ஆர்எஸ்டி (இன்டெலின் தனி முறை) என்று இருக்கும். அதை நேரடியாக ஏஎச்சிஐ என்ற பொது முறைக்கு மாற்றினால் லினக்ஸுக்கு வட்டு தெரியும், ஆனால் விண்டோஸ் நீலத் திரையில் விழும். ஏஎச்சிஐ டிரைவரைத் தொடக்கத்திலேயே ஏற்ற அதற்குச் சொல்லப்படவில்லை. சரியான வரிசை இது: விண்டோஸின் பிசிடிஎடிட் கட்டளையில் அடுத்த பூட் சேஃப் மோடு (அடிப்படை டிரைவர்களோடு மட்டும் எழும் முறை) என்று குறிக்கவேண்டும், மறுதொடக்கத்தில் பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ ஆக்கவேண்டும், விண்டோஸை ஒருமுறை சேஃப் மோடில் எழுப்பவேண்டும், பிறகு அந்தக் குறியை நீக்கிவிட்டு இயல்பாக எழுப்பவேண்டும். ஐந்து நிமிடம் ஆகாது.

கணினியை எழுப்பும் கோப்புகள் உள்ள இஎஃப்ஐ பகுதியை ஃபார்மட் செய்யவே கூடாது. விண்டோஸ் போட்டு வைத்திருக்கும் 100 எம்பி இடம், எந்த இயங்குதளம் எழவேண்டும் என்று கேட்கும் கிரப்புக்குத் தாராளம், சில எம்பிதான் எடுக்கும். கெர்னலையே அங்கே வைக்கிற டிஸ்ட்ரோக்களுக்கு (லினக்ஸ் வகைகளுக்கு) அது போதாது. அவற்றைப் புதியவர்களுக்கு டூயல் பூட்டாக, அதாவது விண்டோஸோடு சேர்த்துப் போட்டுத் தராமல் இருப்பதே மேல்.

இன்னொன்று. விசைப்பலகையில் கணினிக்காரர் கைதான் இருக்கவேண்டும். மன்றத்து ஆள் பக்கத்தில் நின்று சொல்லலாம், தட்டக் கூடாது. பார்ட்டிஷன் (வட்டுப் பகுதி) பட்டியலை அவரே வாய்விட்டுப் படித்து, எது அழியும் என்று அவரே சொன்ன பிறகு இன்ஸ்டாலை அழுத்தட்டும்.

பென்டிரைவ் தயாரிப்பவர்

நிறுவல் மேசை அக்கா சொன்னதோடு என் பங்குக்கு. பென்டிரைவில் இமேஜ் (நிறுவி அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பு) எழுதுமுன், அது பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ256 தொகையைச் சரிபாருங்கள். பாதியில் அறுந்து பதிவிறங்கிய ஐஎஸ்ஓ பூட் ஆகும், நிறுவல் 70 விழுக்காட்டில் வந்து நிற்கும், பழி வட்டின் மேல் விழும்.

டிடி என்ற கட்டளையால் எழுதும்போது, வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் கொள்ளளவைப் பார்த்து எந்தச் சாதனம் என்று உறுதி செய்யவேண்டும். பென்டிரைவ் எஸ்டிபி என்று தெரிந்தால் எஸ்டிபி என்ற முழுச் சாதனத்துக்கு எழுதவேண்டும். எஸ்டிபி1 என்று பார்ட்டிஷனுக்கு எழுதினால் பூட் ஆகாது. கடைசியில் எஃப்சிங்க் (மிச்சத்தையும் எழுதி முடித்தல்) செய்யச் சொல்லும் தேர்வைச் சேர்க்காவிட்டால், டிடி முடிந்தது என்று காட்டும்போதும் தரவில் பாதி நினைவகத்திலேயே இருக்கும். அப்போது பிடுங்கினால் அந்தப் பென்டிரைவ் நாளெல்லாம் ஆளுக்கொரு பிழை காட்டிக்கொண்டே இருக்கும்.

வென்டாய் என்ற கருவியைப் போட்டு ஒரே பென்டிரைவில் பத்து ஐஎஸ்ஓ வைக்கலாம், வசதிதான். ஆனால் செக்யூர் பூட் இருக்கும் கணினியில் முதல் முறை அதன் சாவியைப் பதியச் சொல்லிக் கேட்கும், புதியவர் மிரண்டுபோவார். தனித்தனியாக எழுதிய பென்டிரைவ் நாலைந்து கூடவே இருக்கட்டும்.

நிறுவிய பிறகு நடப்பது பற்றியும் சொல்லவேண்டும். என்விடியா வரைகலைச் சில்லுக்கான டிரைவர் போடும்போது செக்யூர் பூட்டுக்காக ஒரு கடவுச்சொல் கேட்கும். எதற்கென்று தெரியாமல் எதையோ தட்டிவிடுவார்கள். மறுதொடக்கத்தில் டிரைவரின் சாவியைப் பதியும் நீலத் திரை ஒன்று வரும். 10 நொடிக்குள் ஏதாவது விசையை அழுத்தாவிட்டால் அது தானே நகர்ந்துவிடும். என்ரோல் எம்ஓகே, கண்டினியூ, எஸ் (ஆம்), அந்தக் கடவுச்சொல், ரீபூட், இதுதான் வரிசை. தட்டும் எழுத்து திரையில் தெரியாது, விசைப்பலகை அமெரிக்க அமைப்பில் இருக்கும். அதனால் குறியீடு எதுவும் இல்லாத எளிய கடவுச்சொல்லாக வைக்கச் சொல்லுங்கள். அந்தத் திரையைத் தவறவிட்டால் டிரைவர் நிறுவப்பட்டும் ஏறாது. எம்ஓகேயூட்டில் கட்டளையால் சாவியை மறுபடி இறக்குமதி செய்து ரீபூட் செய்தால் திரை திரும்ப வரும்.

வலையமைப்பும் மின்சாரமும்

முப்பது பேர் ஒரே நேரத்தில் அப்டேட் கொடுத்தால் வளாக வைஃபை திணறும். ஒரு பழைய கணினியில், இறங்கிய பேக்கேஜ்களைச் சேமித்துப் பகிரும் ஏபிடி-கேச்சர்-என்ஜி போட்டு, 3142 போர்ட்டில் ஓடவிட்டு, நிறுவும் கணினிகளை அதை ப்ராக்ஸியாக (இடைத்தரகராக)ப் பார்க்கச் சொன்னால் ஒவ்வொரு பேக்கேஜும் வெளியிலிருந்து ஒருமுறைதான் இறங்கும். முந்தின நாளே ஒரு கணினியில் முழு நிறுவலையும் அப்டேட்டையும் ஓட்டிவிட்டால் கேச் நிறைந்து தயாராக இருக்கும். எச்டிடிபிஎஸ் முகவரியுள்ள பேக்கேஜ் களஞ்சியங்கள் கேச்சில் தங்காது என்பதை நினைவில் வையுங்கள்.

இதில் ஒரு வினை உண்டு. ப்ராக்ஸி அமைப்பைப் போட்ட கோப்பை நீக்காமல் அனுப்பிவிட்டால், அவர் வீட்டுக்குப் போய் பேக்கேஜ் நிறுவும் ஏபிடி கட்டளையைத் தொட்டதும் இணைப்பு கிடைக்கவில்லை என்று நிற்கும். லினக்ஸே சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவார். வாசலில் ஒருவரை நிறுத்தி, அந்தக் கோப்பு போய்விட்டதா என்று பார்த்து அனுப்பவேண்டும்.

பென்டிரைவ் இல்லாமல் வலையிலிருந்தே, பிஎக்ஸ்இ வழியாகப் பூட் செய்ய ஆசைப்படுபவர்களுக்கு: வளாக வலையில் அதற்கு உதவும் டிஎன்எஸ்மாஸ்க் நிரலை, கணினிகளுக்கு முகவரி கொடுக்கும் முழு டிஎச்சிபி சர்வராக ஓட்டவே ஓட்டாதீர்கள். பக்கத்து ஆய்வகக் கணினிகள் உங்களிடம் முகவரி வாங்கிக்கொண்டு இணையம் இழக்கும். தனி சுவிட்ச் போடுங்கள். முடியாதென்றால் டிஎன்எஸ்மாஸ்க்கின் ப்ராக்ஸி டிஎச்சிபி முறை இருக்கிறது. முகவரி வளாக சர்வரே கொடுக்கும், பூட் தகவலை மட்டும் நீங்கள் கொடுப்பீர்கள். அதற்கும் வலையமைப்பு அலுவலகத்தின் அனுமதி வேண்டும்.

பிராட்காம் வைஃபை உள்ள கணினியில் ஃபர்ம்வேர் (வைஃபை சில்லை இயக்கும் மென்பொருள்) இல்லாமல் இணையம் வராது, இணையம் இல்லாமல் ஃபர்ம்வேர் வராது. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி வழியே டெதரிங் செய்தால் முடிச்சு அவிழும். டெபியன் டிஸ்ட்ரோ 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரையும் நிறுவி இமேஜிலேயே சேர்த்துவிட்டதால் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது.

மின்சாரம்: 65 வாட் சார்ஜர் 20 என்றால் 1300 வாட். கேமிங் மடிக்கணினிகள் 200 வாட்டுக்கு மேலும் இழுக்கும். ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இன்னொன்றைச் செருகிச் சங்கிலியாக நீட்டாமல், சுவரின் வெவ்வேறு சுற்றுகளிலிருந்து எடுங்கள்.

மிரர் பார்ப்பவர்

பேக்கேஜ் களஞ்சியத்தின் நகலான மிரரைப் பார்த்துக்கொள்வது ஃபெஸ்ட் முடிந்தாலும் ஓயாத வேலை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்துக் கணினி அறிவியல் மன்றம் போல மாணவர்களே பொது மிரர் நடத்தும் இடங்கள் உண்டு. நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளை ஒன்றை, குறித்த நேரத்தில் தானே ஓடும்படி கிரானில் போட்டால் போதும் என்று தொடங்குவார்கள்; சில நாளில் ஹாஷ் சம் மிஸ்மேட்ச் (சரிபார்ப்புத் தொகை பொருந்தவில்லை) என்று பயனர்கள் முறையிடுவார்கள். பேக்கேஜ் வந்து சேருமுன் அட்டவணைக் கோப்பு மாறிவிடுவதுதான் காரணம். டெபியனின் எஃப்டிபிசிங்க் நிரல் இதை இரண்டு கட்டமாகச் செய்கிறது: முதலில் பேக்கேஜ்கள் மட்டும், அட்டவணைகள் பிறகு, பழையதை நீக்குவது கடைசியில். அதையே பயன்படுத்துங்கள், சொந்தமாக எழுத வேண்டாம்.

தமிழாக்கக் குழு

நிரல் எழுதத் தெரியாதவரும் முதல் நாளே பங்களிக்கக்கூடியது மொழிபெயர்ப்பு மாலை. மொழிபெயர்க்கவேண்டிய சரங்கள் (திரையில் வரும் வரிகள்) உள்ள பிஓ கோப்பில் அவற்றுக்கு நடுவே கோப்புப் பெயர் வந்து உட்காரும் இடக்குறிகள் இருக்கும். ஆங்கிலத்தில் எதை என்பது முன்னால், எங்கே என்பது பின்னால். தமிழில் எங்கே என்பது முன்னால் வந்தால்தான் பல இடங்களில் இயல்பாக இருக்கும். அப்படி மாற்றும்போது இடக்குறிகளுக்கு 1, 2 என்று வரிசை எண் கொடுக்காவிட்டால், திரையில் கோப்புப் பெயரும் அடைவுப் பெயரும் இடம் மாறி நிற்கும்.

அதைவிடச் சிக்கல் வேற்றுமை உருபு. இடக்குறியில் என்ன பெயர் வரும் என்று நமக்குத் தெரியாது. அதோடு "ஐ" அல்லது "க்கு" ஒட்டினால் புணர்ச்சி கெட்டு அசிங்கமாக நிற்கும். "என்ற கோப்பை", "என்ற அடைவுக்கு" என்று ஒரு பெயர்ச்சொல்லைத் தாங்கலாக வைத்து உருபை அதில் ஏற்றுங்கள். சமர்ப்பிக்குமுன் பிஓ கோப்பைத் தொகுக்கும் எம்எஸ்ஜிஎஃப்எம்டி-யைச் சோதனைத் தேர்வோடு ஓட்டினால் விடுபட்ட இடக்குறிகளைக் காட்டிவிடும். ஃபஸி (இன்னும் சரிபார்க்கவேண்டியது) என்று குறிக்கப்பட்ட சரங்கள் தொகுப்பில் சேராது. திருத்தியபின் அந்தக் குறியை எடுக்க மறந்தால், உழைத்த வரி திரையில் ஆங்கிலமாகவே தெரியும்.