பத்திரிகையில் பத்மஸ்ரீ போடலாமா?

ரமா சித்தி: கல்யாணப் பத்திரிகை புரூஃப் குரூப்பில் போட்டிருக்கிறேன். எல்லாரும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், நாளை 11 மணிக்குள் அச்சகத்துக்குச் சொல்ல வேண்டும்.

பாலு மாமா: மாப்பிள்ளையின் பெரியதாத்தா பெயருக்கு முன்னால் பத்மஸ்ரீ விட்டுப்போயிருக்கிறதே ரமா! பெரிய எழுத்தில் போடச் சொல். நம் சொந்தத்தில் வேறு யாருக்குக் கிடைத்திருக்கிறது?

பெரியப்பா: போடக்கூடாது பாலு. 1995 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் பாலாஜி ராகவன் வழக்கில் சொல்லிவிட்டது. பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் பட்டம் இல்லை, அதனால்தான் பட்டங்களை ஒழித்த அரசியல் சட்டத்தின் 18ஆம் பிரிவு அவற்றைத் தடுக்கவில்லை. ஆனால் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டக்கூடாது, ஒட்டினால் விருதையே இழக்க வேண்டிவரும்.

கார்த்தி: ஐயோ, என் பெயருக்குப் பின்னால் பி.இ., எம்.எஸ். இருக்கிறதே பெரியப்பா?

பெரியப்பா: படிப்புக்கும் ராணுவத்துக்கும் அந்தப் பிரிவிலேயே விலக்கு உண்டு. உன் அரியர் கணக்கைக் கேட்க யாரும் வரமாட்டார்கள்.

அகிலா: 😂😂

பாலு மாமா: பெயருக்கு முன்னால் போட முடியாத விருதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பணமாவது தருகிறார்களா?

பெரியப்பா: பணமும் இல்லை, ரயிலில் சலுகையும் இல்லை. குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட சான்றிதழ், பதக்கம், விழாக்களில் அணிந்துகொள்ள அதன் சின்ன நகல் ஒன்று. அவ்வளவுதான்.

பாலு மாமா: அப்புறம் எல்லாமே அரசியல் அண்ணா. எம்.ஜி.ஆருக்கு 1988இல் பாரத ரத்னா கொடுத்தார்கள், அடுத்த ஜனவரியில் இங்கே தேர்தல். வருடத்துக்கு 3 பாரத ரத்னாதான் என்பார்கள், 2024 தேர்தல் வருடத்தில் 5 பேருக்குக் கொடுத்தார்கள். இதெல்லாம் எதற்கு என்று 1977இல் பிரதமராக இருந்தபோது நிறுத்திய மொரார்ஜி தேசாயே 1991இல் பாரத ரத்னா வாங்கிக்கொண்டார்!

அகிலா: பாரத ரத்னாவை விடுங்கள் மாமா. 1954இல் முதல் தடவை ராஜாஜிக்கும் ராதாகிருஷ்ணனுக்கும் சி.வி.ராமனுக்கும் கொடுத்தார்கள், நோபலே வாங்கியிருந்த ராமனுக்கு அதனால் புதிதாக என்ன பெருமை வந்திருக்கும்? கீழே இருக்கிற பத்மஸ்ரீயில்தான் விஷயம் இருக்கிறது. 2023இல் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர் பழங்குடிக்காரர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இரண்டு பேருக்கும் கொடுத்தார்களே, அதற்கு முன்னால் நம்மில் யாருக்காவது அவர்கள் பெயர் தெரியுமா? கட்டுவிரியன், கண்ணாடி விரியனை எல்லாம் பிடித்து, விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டிலேயே விடுகிற கூட்டுறவு சங்கத்து ஆட்கள். பாம்பு கடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினால் போடுகிறார்களே அந்த ஊசி மருந்து, அதற்கு மூலப்பொருளே அந்த விஷம்தான்.

கார்த்தி: ஃபுளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்கப் போனவர்கள்தானே அக்கா?

அகிலா: அவர்களேதான், 2017இல். அங்கே பல்கலைக்கழகத்தில் இருந்து கூப்பிட்டார்கள்.

பாலு மாமா: நல்ல விஷயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதக்கம் சோறு போடுமா அகிலா?

அகிலா: போடாது மாமா. பதக்கம் வாங்கினாலும் இத்தனை பாம்புதான் பிடிக்கலாம் என்று அரசு உத்தரவு வந்தால்தான் அவர்களுக்கு வேலை. எனக்கும் அதில்தான் கோபம். டெல்லியில் கைதட்டிவிட்டு இங்கே ஃபைலைக் கிடப்பில் போட்டால் அது என்ன மரியாதை?

பெரியப்பா: இன்னொன்று. இந்த விருதுக்கு யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம், தன் பெயரைத் தானே கொடுக்கலாம். ஆன்லைனில் 800 சொல்லுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். அதை எழுதித் தர ஆள் இருப்பவன் பெயர் மேலே போகிறது, இல்லாதவன் பெயர் ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை.

பாலு மாமா: தானே கொடுக்கலாமா?? கார்த்தி, லேப்டாப்பை எடு.

ரமா சித்தி: எந்தத் துறையில் அண்ணா, பந்தியில் முதலில் உட்காருவதிலா? 🙄 சரி, பத்மஸ்ரீ வேண்டாம், வெறும் டாக்டர் போதும். ஆனால் சம்பந்தி வீட்டில் யார் சொல்வது?

பெரியப்பா: நான் பேசுகிறேன் ரமா. அந்த டாக்டர் ஒன்றும் நினைக்கமாட்டார், அவர் தம்பிதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

பாலு மாமா: வரவேற்பில் மைக்கிலாவது சொல்லலாமா?

பெரியப்பா: தாராளமாக. "பத்மஸ்ரீ விருது பெற்றவர்" என்று சொல், தப்பில்லை.

கார்த்தி: சித்தி, முகூர்த்தம் 9 மணிக்குத்தானே? புரூஃபில் 7 என்று இருக்கிறது.

ரமா சித்தி: கடவுளே! அச்சகத்துக்கு இப்போதே போன் போடுகிறேன்.