எங்கள் வீட்டார் குழு: சாட்சி சொல்ல வேண்டாம்

அத்தை: எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஜூன் 20 உலக அகதிகள் நாள். அதை ஒட்டிய ஞாயிறு ஆராதனையில், வியாழன்தோறும் நம் சபைக்கு வருகிற அந்த அகதிப் பையன் தான் பட்டதைப் பத்து நிமிடம் சாட்சியாகச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று பெண்கள் ஐக்கியத்தில் பேசிக்கொண்டோம். அவனோடு பழகுகிறவள் நீதான். கேட்டுச் சொல்லம்மா.

அக்கா: மன்னித்துக்கொள்ளுங்கள் அத்தை, கேட்க மாட்டேன்.

அத்தை: ஏன்? கேட்கிறவர்கள் மனம் இளகும், உதவியும் கூடும்.

அக்கா: அவனுக்குப் பதினேழு வயது. அந்தக் கதையை இதுவரை எத்தனை மேசைகளுக்கு முன்னால் சொல்லியிருக்கிறான் தெரியுமா? எல்லையில் ஒரு முறை, பதிவு செய்தபோது ஒரு முறை, வழக்கறிஞரிடம் ஒரு முறை, பிறகு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு அதிகாரியிடம் ஒரு நாள் முழுவதும். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை இனம், மதம், நாட்டுரிமை, அரசியல் கருத்து, ஏதோ ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது என்று ஐந்து காரணங்களைச் சொல்கிறது. அவற்றில் ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்று அஞ்ச நியாயம் இருப்பதை அவன்தான் விளக்கியாக வேண்டும். ஒரு தேதி மாறினாலும், “முன்பு வேறு மாதிரி சொன்னாயே” என்பார்கள். அடிபட்ட மனதுக்கு நாள்கள் முன்பின்னாகக் குழம்புவது இயல்பு அத்தை. அவன் அடைக்கலம் கேட்ட மனுவுக்கு முடிவு இன்னும் வரவில்லை. மேடையில் பேசுவதை யாராவது படம்பிடித்துப் பகிர்ந்துவிட்டால்? அவன் தாயும் தங்கையும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அத்தை: இதை நான் நினைத்தே பார்க்கவில்லை.

பெரியப்பா: அப்படியானால் சபை மலரில் படமும் கூடாதா?

அக்கா: முகம் தெரிகிற படம் வேண்டாம் பெரியப்பா. போன வாரம் நீங்கள் இங்கே போட்டதையும் நீக்கிவிடுங்கள்.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: நீக்கிவிட்டேன். ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதே. ஐந்து மாதமாக வருகிறானே, ஞானஸ்நானத்தைப் பற்றி ஏதாவது பேசினாயா?

அக்கா: இல்லை. அவன் இஸ்லாமியப் பையன். தொழுகை நேரத்தில் ஓய்வுநாள் பள்ளி அறையைத் திறந்துவிடுகிறோம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் பிறர் கையை எதிர்பார்த்திருக்கிற பிள்ளையிடம் நாமாக மதத்தை எடுத்தால், வேண்டாம் என்று சொல்ல அவனால் முடியுமா? நல்ல சமாரியன் உவமையில் அடிபட்டுக் கிடந்தவன் எந்த மார்க்கத்தான் என்று லூக்கா எழுதவே இல்லையே.

பெரியப்பா: சரியம்மா.

அம்மா: எதையும் கேட்காமல் அவனோடு என்னதான் பேசுவாய்?

அக்கா: பெரும்பாலும் பந்தைப் பற்றித்தான் அம்மா. முதல் வாரம் அவன் கதவோரம் நின்றுகொண்டே இருந்தான். வாலிபர்களுக்குக் கோல் காக்க ஆள் இல்லை, “நீ நில்” என்றார்கள். நின்றான். அவன் காகிதங்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில், சட்டைக்குள் இருக்கும். பந்து வரும்போதுகூட ஒரு கை வயிற்றோடு அந்த உறையை அழுத்திக்கொண்டிருக்கும். ஒற்றைக் கையால் எத்தனை பந்தைத் தடுக்க முடியும்? ஆனாலும் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. போன வியாழன் ஆட்டத்துக்கு முன் அவனாகவே உறையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டுப் போனான். வியர்வையில் ஊறி ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. ஆட்டம் முடியும்வரை நான் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

அம்மா: என் கண் நிறைந்துவிட்டது.

சின்னவன்: “அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்” என்று இயேசு சொன்னாரே. சிறுவயதில் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நான் உன்னிடம் கெஞ்சுவேனே அக்கா, அதே சொல்தான்.

அத்தை: சாட்சி வேண்டாம், விட்டுவிடுவோம். நாங்கள் வேறு என்ன செய்யலாம்?

அக்கா: இன்னும் இரண்டு மாதத்தில் அவனுக்குப் பதினெட்டு ஆகிறது. குழந்தை உரிமை உடன்படிக்கை பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களைத்தான் குழந்தை என்கிறது. அந்த நாளோடு சிறுவர் விடுதியை விட்டுப் பெரியவர்கள் தங்குமிடத்துக்கு மாற வேண்டும், அவனுக்கான சட்டப் பாதுகாவலரும் விலகிவிடுவார். அதைப் பற்றித்தான் அவன் இரவில் தூங்குவதில்லை. அதற்கு அடுத்த வாரமும் நாம் இருப்போம் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். வருவதாகச் சொன்ன நாளில் தவறாமல் வருகிறவர்கள் இரண்டு பேர் கிடைத்தால் போதும். விடுதிக் காப்பாளரிடம் முதலில் பெயர் கொடுக்க வேண்டும், தனியாக அவனை எங்கும் அழைத்துப் போகக் கூடாது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. அவனுக்கு ஆபத்து என்றால் நாம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அத்தை: நான் வருகிறேன். வாரா வாரம் வருவேன். அவனிடம் எதுவும் கேட்க மாட்டேன்.

அக்கா: உதவி கேளுங்கள் அத்தை. எல்லாரும் அவனுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், அவனிடம் ஒன்றும் கேட்பவர் இல்லை. அவனுக்குத் தையல் தெரியும்.

அத்தை: மெய்யாகவா? என் இயந்திரம் நாலு தையலுக்கு ஒரு தரம் நூலை அறுக்கிறது.

அக்கா: கொண்டு வாருங்கள்.

பெரியப்பா: நான் தூக்கி வருகிறேன். எத்தனை மணிக்கு?

அக்கா: வியாழன் நான்கு மணி. கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடுங்கள், அவன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான்.