கடல்நீரா, ஏரிநீரா? சென்னைக்கு எது தொலைநோக்கு?

புழல்வாசி: 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் தண்ணீர் ரயில் வந்தது நினைவிருக்கிறதா? ஏரிகள் வறண்டு கிடந்த அந்தக் கோடையில் மழையை எதிர்பார்க்காமல் ஓடியவை கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூர், நெம்மேலி ஆலைகள்தான். தலா நாளுக்கு 10 கோடி லிட்டர் திறன். 2024-ல் நெம்மேலியில் இன்னொரு 15 கோடி சேர்ந்தது. பேரூரில் 40 கோடிக்குத் திட்டம். இதுதான் தொலைநோக்கு. 'ஏரி, ஏரி' என்று புலம்புவதை விடுவோம்.

கரைக்காரன்: 2019-ஐச் சொல்கிறீர்கள், 2015 டிசம்பரை விட்டுவிட்டீர்களே. அடையாற்றங்கரையே மூழ்கியது. அவ்வளவு வெள்ளத்தையும் கடலுக்கு அனுப்பிவிட்டு, அதே கடலிலிருந்து ஆயிரம் லிட்டருக்கு 3, 4 யூனிட் கரண்ட் செலவழித்து உப்பைப் பிரித்து வாங்குகிறோம். நல்ல வியாபாரம்!

புழல்வாசி: எங்கே தேக்குவீர்கள்? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் சேர்ந்தே சுமார் 11 டிஎம்சிதான். தூர் வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பருவமழை பொய்த்தால் ஆழமான ஏரியும் காலி ஏரிதான். வீராணத்தில் தண்ணீர் இருக்க மேட்டூரில் இருக்க வேண்டும். கிருஷ்ணா நீருக்கு ஆந்திராவைப் பார்க்க வேண்டும்.

கரைக்காரன்: நான் சொல்வது அந்த நான்கை மட்டும் இல்லை. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் முழுக்கச் சங்கிலி ஏரிகள். ஒன்றின் கலங்கலில் வழிவது அடுத்ததற்கு வரத்து. இப்போது பல இடங்களில் வரத்துக்கால் மேலேயே பிளாட் போட்டாகிவிட்டது. அந்த ஏரிகள் தேக்குவதைவிட நிலத்துக்குள் இறக்கியதுதான் அதிகம் பயன்பட்டது. நிலத்தடியில் கிடக்கும் நீரை வெயில் குடிக்காது.

கூட்டிக்கழிப்பவன்: இருவரும் சாக்கடையை மறந்துவிட்டீர்கள். கோயம்பேட்டில் கழிவுநீரை ஆர்ஓ வரை சுத்திகரித்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். நாளுக்கு 4.5 கோடி லிட்டர் திறன். கடல்நீரைவிட உப்பு குறைவு, அதனால் கரண்டும் குறைவு. வறட்சியிலும் சாக்கடை ஓடும், அது ஒன்றுதான் நம் ஊரில் உறுதி.

புழல்வாசி: இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிலத்தடி நீர் என்கிறாரே கரைக்காரன், மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமானது. எங்கள் அபார்ட்மென்ட்டிலும் குழி உண்டு. அதன் மூடி மேல் செயலாளர் ஐயா துளசி மாடம் வைத்திருக்கிறார்.

கரைக்காரன்: கடைசியாக எப்போது அந்தக் குழியில் மணலை மாற்றினீர்கள்?

புழல்வாசி: அந்த ரயில் வந்த வருஷம்.