அபோமார்பின் பம்ப்: ஊசி குத்தும் இடத்தில் கட்டி

அப்பாவுக்குப் பார்க்கின்சன் (உடல் நடுக்கம், விறைப்பு தரும் நரம்பு நோய்). அதற்கான அபோமார்பின் மருந்தைத் தோலுக்கடியில் செலுத்தும் பம்ப் பகலில் 16 மணி நேரம் ஓடுகிறது. வயிறு முழுக்கக் கட்டி, சில நாள் மருந்தே பிடிப்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
கட்டிக்குள் குத்தினால் மருந்து சீராக உறிஞ்சப்படாது, உடல் விறைத்துவிடும். அதனால் தினமும் புது ஊசி, புது இடம். தொப்புளைச் சுற்றி 5 செ.மீ. விட்டுவிடுங்கள். வயிற்றின் இரு பக்கம், தொடையின் வெளிப்புறம் என்று மாற்றி மாற்றி, குத்திய இடங்களை ஒரு படத்தில் குறித்து வையுங்கள். கையைக் கழுவாமல் தொடவே கூடாது. ஊசியை எடுத்ததும் அந்த இடத்தை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்! சலைன் கலந்து நீர்க்கச் செய்யவும் வழி உண்டு, ஆனால் மருத்துவர் சொன்னால் மட்டும்.

பதில் 2:
அடைப்பு அலாரம் அடித்தால் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா, கிளாம்ப் (குழாயை அடைக்கும் கவ்வி) மூடியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஊசியையும் குழாயையும் மாற்றுங்கள். வேகத்தை நீங்களாகக் கூட்டாதீர்கள். மருந்து பச்சையாக மாறியிருந்தால் பயன்படுத்தக் கூடாது. துணியில் பட்டாலும் பச்சைக் கறைதான்.

பதில் 3:
இந்த மருந்தால் வரும் வாந்திக்கு ஒண்டான்செட்ரான் கொடுத்துவிடாதீர்கள்! அபோமார்பினோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் அபாயமாக இறங்கி மயக்கம் வரும். வழக்கமாகக் கொடுப்பது டோம்பெரிடோன், அதற்கும் ஈசிஜி பார்த்த பிறகே. லெவோடோபாவும் (பார்க்கின்சனுக்கான இன்னொரு மருந்து) எடுப்பவர் என்றால், ரத்தச்சோகைக்கான கூம்ப்ஸ் என்ற ரத்தப் பரிசோதனையை அவ்வப்போது செய்யச் சொல்லிக் கேளுங்கள்.