பழைய லைட் போர்டு ஷீட்: பசை, மஞ்சள், பழைய எழுத்தின் நிழல் — எப்படிப் போக்குவது?

கேள்வி — போர்டுவேலை

வணக்கம். கழற்றி வைத்த இரண்டு லைட் பாக்ஸ்களிலிருந்து (உள்ளே விளக்கு எரியும் கடைப் பெயர்ப்பலகைப் பெட்டி) 6 பிளாஸ்டிக் ஷீட் இருக்கிறது. எல்லாம் பால்வெள்ளை, 3 மி.மீ. தடிமன், 2400-க்கு 1200 மி.மீ. மேலே ஒட்டிய வினைல் (பசையுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாள்) எழுத்துகள் சுருங்கி, பொருக்குப் பொருக்காக உடைகின்றன. 4 ஷீட் வெள்ளையாகத்தான் உள்ளன, ஆனால் பளபளப்பு போய்விட்டது. 2 ஷீட் முன்பக்கம் மட்டும் மஞ்சளாகிவிட்டன. வெள்ளையில் ஒன்றில் ஸ்க்ரூ ஓட்டையிலிருந்து 9 செ.மீ. விரிசல்.

பசையை எடுக்க ஒரு வெள்ளை ஷீட்டின் ஓரத்தில் தின்னர் போட்டுத் துடைத்தேன். துடைத்த உடனே ஒன்றும் தெரியவில்லை. கால் மணி நேரத்தில் ஓரத்திலிருந்து உள்நோக்கி மயிரிழை மாதிரி நூற்றுக்கணக்கான கோடுகள். இது ஏன்? மிச்சத்தை எப்படிச் சுத்தம் செய்வது? டியூப் லைட்டை எடுத்துவிட்டு எல்இடி மாட்யூல் (சிறு எல்இடி விளக்குக் கட்டிகள்) வைத்து, புது எழுத்து ஒட்டி, இதே ஷீட்களை மாட்ட வேண்டும்.

பதில் — தகடுமட்டம்

தின்னரை இதோடு நிறுத்திவிடுங்கள். எதையும் தொடும் முன் எந்த ஷீட் என்ன பிளாஸ்டிக் என்று தெரிய வேண்டும். பால்வெள்ளை என்றால் எல்லாம் ஆக்ரிலிக் என்று நினைத்துவிட வேண்டாம்.

பிரேமுக்குள் மறையும் ஓரத்திலிருந்து 1 செ.மீ. அகலப் பட்டை ஒன்றை அறுத்து, இடுக்கியால் பிடித்து மடக்குங்கள். ஆக்ரிலிக் பட்டென்று ஒடியும். பாலிகார்பனேட் மடங்கும், மடிப்பில் வெளுக்கும். ஆனால் வெயில் தின்ற பாலிகார்பனேட் ஏமாற்றும். மஞ்சள் பக்கம் வெளியே வருமாறு மடக்கினால் அதுவும் ஒடியும், உள்ளே வருமாறு மடக்கினால் மடங்கும். இரண்டு விதமாகவும் பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் திறந்தவெளியில், காற்று வரும் பக்கம் நின்றுகொண்டு ஒரு சிறு துண்டைக் கொளுத்துங்கள். ஆக்ரிலிக் புகை அதிகமில்லாமல், மெல்லச் சடசடத்து, நிதானமாக எரிந்துகொண்டே இருக்கும். பழ வாசனை வரும். பாலிகார்பனேட் பற்றிக்கொள்ளவே தயங்கும், நெருப்பை எடுத்தால் அணையும், கரும்புகை விடும். பாலிஸ்டைரீன் நூல் நூலாகக் கரி பறக்க எரியும். அதை வெளிப்புறப் போர்டுக்குத் திரும்பப் போட வேண்டாம்.

அந்த மயிரிழைக் கோடுகள் தின்னரால் மட்டும் வந்தவையல்ல. ஷீட்டை ரம்பத்தில் அறுத்த ஓரத்திலும், ஸ்க்ரூவை இறுக்கிய இடத்திலும், நெருப்புக் காட்டிப் பளபளப்பாக்கிய விளிம்பிலும் உள்ளிழுவிசை தங்கியிருக்கும். தின்னர் போன்ற கரைப்பான் மேலே பட்டதும் அந்த இழுவிசை பிளந்துகொண்டு வெளியே வருகிறது. அதனால்தான் ஓரத்திலிருந்து கிளம்புகிறது, அதனால்தான் தாமதமாகத் தெரிகிறது. வந்த கோட்டைப் போக்க வழியில்லை. அந்தப் பகுதியை அறுத்து எடுத்துவிட்டு, ஷீட்டைச் சிறிய போர்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் — வினைல்கத்தி

எழுத்தை உரிக்கும் முன் கழுவுங்கள். ஷீட்டைச் சாய்த்து நிறுத்தி, துணியே படாமல் வெறும் தண்ணீரை மேலிருந்து ஓட விடுங்கள். மேலே இருப்பது மணல் தூள். உலர்ந்த துணியால் ஒரு இழு இழுத்தால் அதுவே உப்புத்தாள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, மென்மையான ஸ்பாஞ்சால் துடையுங்கள். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் வேண்டாம்.

வினைலுக்கு ஹேர் டிரையரே போதும். கை வைத்தால் சுடும், ஆனால் வைத்திருக்க முடியும், அந்த அளவு சூடு. ஹீட் கன் என்றால் குறைந்த சூட்டில், ஒரே இடத்தில் நிற்காமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். ஆக்ரிலிக் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகிவிடும். மூலையைத் தூக்கி, செங்குத்தாக இழுக்காமல் ஷீட்டோடு ஒட்டினாற்போல் மடக்கி, மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தால் வினைல் வந்து பசை தங்கிவிடும். பொருக்காக உடையும் வினைலை பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால் தள்ளுங்கள். இரும்பு பிளேடின் கீறல் பகலில் தெரியாது, பின்னால் விளக்கு எரிந்தால் கோடாகத் தெரியும்.

மிஞ்சும் பசைக்கு மண்ணெண்ணெய். துணியை நனைத்துப் பசையின் மேல் 2 நிமிடம் போர்த்தி வையுங்கள், பசை ஜெல்லிபோல் உருளும். ஸ்க்ரேப்பரால் வழித்து, உடனே சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். அறுத்த விளிம்புக்கும் ஓட்டைக்கும் போக விடாதீர்கள். பெட்ரோல், அசிட்டோன், தின்னர், பெயின்ட் ரிமூவர் எதுவும் கூடாது. பெயின்ட் ரிமூவர் பலவற்றில் ஆக்ரிலிக்கை ஒட்டப் பயன்படும் அதே கரைப்பான் இருக்கிறது. கடைசித் துடைப்புக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும்.

பதில் — தகடுமட்டம்

ஆல்கஹால் பற்றி ஒரு திருத்தம். பாலிகார்பனேட்டுக்குப் பிரச்சினை இல்லை. பழைய ஆக்ரிலிக்கில், அதுவும் ஓட்டையைச் சுற்றி, அதனாலேயே மயிரிழை விரிசல் வருவதுண்டு. ஆக்ரிலிக்குக்குப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியில் எடுத்து, துடைத்த கையோடு உலர்த்துங்கள்.

போர்டுவேலை

நன்றி. சோதித்ததில் வெள்ளை நாலும் ஆக்ரிலிக், மஞ்சள் இரண்டும் பாலிகார்பனேட். ஒவ்வொன்றிலும் வினைலை எடுத்துக் கழுவிவிட்டேன். இப்போது எழுத்து இருந்த இடம் அப்படியே நிழலாகத் தெரிகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்தால் மஞ்சள் போகும் என்கிறார்கள். சரியா?

பதில் — பால்வெள்ளை

பெராக்சைடு கம்ப்யூட்டர் டப்பா போன்ற ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கான வித்தை. பாலிகார்பனேட் மஞ்சளாவது வேறு காரணத்தால். புற ஊதாக் கதிர் மேல்தோலையே சிதைத்துவிட்டது. அதை வெளுக்க வைத்து மீட்க முடியாது.

முதலில் இரவில், அல்லது இருட்டறையில், ஷீட்டைப் பாக்ஸில் சாய்த்து விளக்கைப் போட்டுப் பாருங்கள். பகலில் தெரியும் நிழலும் விளக்கில் தெரியும் நிழலும் ஒன்றல்ல. எதைச் செய்வது என்று அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஆக்ரிலிக்கில் பெரும்பாலும் நிறம் மாறியிருக்காது. எழுத்துக்கு அடியில் பளபளப்பு அப்படியே இருக்கிறது, சுற்றியுள்ள பரப்பு மங்கிவிட்டது, அவ்வளவுதான். விளக்கில் நிழல் கரைந்துபோகும். வெள்ளைச் சாயம் தடிமன் முழுக்கக் கலந்திருப்பதால் தேய்க்கப் பயமில்லை. தண்ணீர் ஓட ஓட 800, பிறகு 1200, பிறகு 2000 நம்பர் உப்புத்தாள். ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்றினால் முந்தைய கீறல் போனதா என்று கண்ணுக்குத் தெரியும். நிழல் இருக்கும் இடத்தை மட்டும் தேய்க்கக் கூடாது, அங்கே குழிந்து விளக்கில் வெளிச்சத் திட்டாகும். முழு ஷீட்டையும் சமமாகத் தேயுங்கள். பிறகு பிளாஸ்டிக் பாலிஷ். மெஷின் என்றால் குறைந்த வேகம், லேசான அழுத்தம். சூடேறினால் பரப்பு இளகி இழுபடும், புது இழுவிசையும் சேரும்.

பாலிகார்பனேட் வேறு கதை. வெளிப்புற ஷீட்டில் புற ஊதாவைத் தடுக்கும் மெல்லிய அடுக்கு, ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவில், மேலே இருக்கும். மஞ்சளைத் தேய்த்து எடுத்தால் மிஞ்சியிருக்கும் அதுவும் போய்விடும். ஷீட் அன்று வெள்ளையாகும், வெயிலில் மாட்டினால் முன்னைவிட வேகமாக மஞ்சளாகும், உடையும். திருப்பிப் போடுவதும் உதவாது, பல ஷீட்டில் அந்த அடுக்கு ஒரு பக்கம் மட்டுமே. இந்த இரண்டையும் கட்டடத்துக்குள் மாட்டும் போர்டுக்கு ஒதுக்குங்கள். அங்கேயும் பின்னணி முழுவதும் ஒளி புகாத வினைல் ஒட்டி, எழுத்தை மட்டும் வெட்டி எடுத்து ஒளிர விடுங்கள். நிழலில் பெரும்பகுதி அடியில் மறைந்துவிடும். எழுத்து சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருந்தால் ஷீட்டின் நிறம் தெரியாது. நீலமும் வெள்ளையும் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று: பாலிகார்பனேட் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், ஒட்டிய வினைலுக்கு அடியில் கொப்புளம் வரும். 10 செ.மீ. சதுர வினைல் ஒன்றை ஒட்டி, 60 டிகிரி சூட்டில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். கொப்புளம் வந்தால் ஷீட் இன்னும் காய வேண்டும்.

பதில் — தகடுமட்டம்

விரிசலுக்கும் மாட்டுவதற்கும் சொல்கிறேன். விரிசல் முடியும் இடத்தில், சரியாக அதன் நுனியில், 3 மி.மீ. ஓட்டை போட்டால் அது மேலே ஓடாது. நுனி கண்ணுக்குத் தெரிவதைவிடச் சற்றுத் தள்ளி இருக்கும், பக்கவாட்டில் டார்ச் அடித்துத் தேடுங்கள். பழைய விரிசலுக்குள் அழுக்கு ஏறியிருப்பதால் கரைப்பான் பசை சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும் விளக்கில் கோடு தெரியும். 9 செ.மீ. விரிசல் என்றால் அந்த ஓரத்தை அறுத்துவிடுவதே நல்லது.

இந்த ஷீட் 40 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு 2400 மி.மீ. நீளத்தில் கிட்டத்தட்ட 7 மி.மீ. நீளும், சுருங்கும். உங்கள் விரிசல் இறுக்கிய ஸ்க்ரூவிலிருந்து கிளம்பியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். முடிந்தால் ஸ்க்ரூவே வேண்டாம், பிரேம் பள்ளத்தில் இடைவெளி விட்டு நிற்கட்டும். ஸ்க்ரூ தவிர்க்க முடியாது என்றால் 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 8 மி.மீ. ஓட்டை, அகல வாஷர், இறுக்கிவிட்டு அரைச் சுற்று தளர்த்துங்கள். ஷீட்டுக்கும் பிரேமுக்கும் இடையே வைக்கும் கேஸ்கெட் பட்டை ஈபிடிஎம் என்ற வகை ரப்பராக இருக்கட்டும். மென்மையான பிவிசியிலிருந்து கசியும் எண்ணெய் ஆக்ரிலிக்கில் விரிசல் உண்டாக்கும். சிலிகான் வேண்டுமானால் வினிகர் வாசனை இல்லாத வகை.

பதில் — பால்வெள்ளை

எல்இடிக்கு: மாட்யூலிலிருந்து ஷீட்டுக்கு உள்ள தூரம், மாட்யூல்களுக்கு இடையே உள்ள தூரத்தைவிடக் குறையக் கூடாது. குறைந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். பாக்ஸின் உட்புறத்தை வெள்ளையடியுங்கள். ஒரே போர்டில் பக்கத்துப் பக்கத்தில் வருபவை ஒரே பாக்ஸிலிருந்து வந்த ஷீட்களாக இருக்கட்டும். ஃபோனில் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் ஆப் போட்டு, இரண்டு ஷீட்டிலும் 3 இடத்தில் ஒரே விளக்குக்கு மேல் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் எண்ணாகத் தெரியும். பழைய டியூபில் பாதரசம் இருக்கிறது, உடையாமல் தனியாகக் கட்டி வையுங்கள்.

போர்டுவேலை

இருட்டில் விளக்குப் போட்டுப் பார்த்தேன். நல்ல ஆக்ரிலிக் இரண்டில் நிழல் தெரியவில்லை, அவற்றுக்கு 1200-லிருந்து தொடங்கினால் போதும்போல. விரிசல் ஷீட்டையும் தின்னர் பட்டதையும் 1200-க்கு 1200 ஆக அறுத்து ஒரு சின்ன பாக்ஸுக்கு வைக்கிறேன். மஞ்சள் இரண்டிலும் வினைல் சதுரம் ஒட்டியாயிற்று, நாளை கொப்புளம் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.