‘கல்பனா’வை மறந்தது யார்?

ரீல்பெட்டி:
நேற்றுதான் நடனக் கலைஞர் உதய சங்கர் இயக்கிய ‘கல்பனா’ (1948) பார்த்தேன். இந்திப் படம், ஆனால் எடுத்தது நம்ம சென்னை ஜெமினி ஸ்டூடியோவில், கேமரா கே. ராம்நாத். இமயமலைப் பக்கம் அல்மோராவில் அவர் நடத்திவந்த கலை மையத்தை மூடிவிட்டு வந்து எடுத்த படம். ஓடவில்லை. 2012இல் ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்சஸியின் அமைப்பு சீரமைத்து கான் திரைப்பட விழாவில் போட்ட பிறகுதான் நமக்கு உறைக்கிறது. வெள்ளைக்காரன் சொன்னால்தான் நம்புவோமா?

மவுண்ட்ரோடு:
புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருந்த டூப் நெகட்டிவும் (நகல் நெகட்டிவ்) பிரிண்ட்டும் இல்லையென்றால் அவர்கள் எதைச் சீரமைத்திருப்பார்கள்? பத்திரமாக வைத்திருந்தவனுக்கு ஒரு நன்றி கிடையாது, தூசி தட்டியவனுக்கு மாலை! அப்புறம், படம் ஓடாததில் ஆச்சரியம் என்ன? இரண்டரை மணி நேரமும் நடனம். நான் பாதியில் எழுந்துவிட்டேன்.

ரீல்பெட்டி:
பாதியில் எழுந்தவர் தீர்ப்பு சொல்லலாமா? ஆட்களே இயந்திரத்தின் உறுப்புகளாகிச் சுழல்கிற அந்தத் தொழிற்சாலை நடனத்தைப் பார்த்தீர்களா? ஒரு எழுத்தாளர் தயாரிப்பாளரிடம் கதை சொல்வதாகத்தான் படமே தொடங்குகிறது. முதலாளிக்கு வசூல்தான் கணக்கு. கடைசியில் கதை வேண்டாம் என்று அனுப்பிவிடுகிறார். தன் படத்துக்கு என்ன ஆகும் என்று மனுஷன் படத்திலேயே சொல்லிவிட்டார்!

பரண்மேல்:
‘சந்திரலேகா’ முரசு நடனத்துக்கு விதை இதுதான். இரண்டும் ஒரே ஸ்டூடியோ, அதன் முதலாளி, சந்திரலேகாவை எடுத்த வாசன் பார்க்காமலா இருந்திருப்பார்?

மவுண்ட்ரோடு:
சந்திரலேகா 1948 ஏப்ரலில் வந்தாலும் எடுக்க ஐந்து வருஷம் ஆனது. உதய சங்கர் சென்னைக்கு வருமுன்பே தொடங்கிய வேலை அது. ‘பார்க்காமலா இருந்திருப்பார்’ என்பது ஆதாரம் இல்லை சார், ஆசை.

பரண்மேல்:
கதை முன்னாலேயே தொடங்கியிருக்கட்டும், முரசும் அப்போதே வந்துவிட்டதா? சந்திரலேகாவுக்கும் முதலில் கேமரா பிடித்தவர் இதே ராம்நாத்தான். அவர் கண்ணை வீட்டில் கழற்றி வைத்துவிட்டா போயிருப்பார்?

மவுண்ட்ரோடு:
சரி, ராம்நாத் விஷயம் யோசிக்க வேண்டியதுதான். வாசன் விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன்.

ரீல்பெட்டி:
நம்ம பத்மினி முதன்முதலில் திரையில் வந்ததும் கல்பனாவில்தான். அதற்காகவாவது மீதியைப் பாருங்கள்.

மவுண்ட்ரோடு:
பத்மினியா? அதை முதலிலேயே சொல்லக்கூடாதா!