பதில்: போர்க் (Borg) கூட்டம் செய்வதற்குத் தமிழில் என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்,

'ஸ்டார் ட்ரெக்' அறிவியல் புனைவில் வரும் போர்க், பிறரைப் பிடித்துக் கருவி பொருத்தி, ஒரே மனமாக இயங்கும் தம் கூட்டத்தில் சேர்த்துவிடும் வேற்றுக்கோள் கூட்டம். ஆங்கிலத்தில் 'அசிமிலேஷன்' எனப்படும் அந்தச் செயலுக்குத்தான் இங்கே தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

> 'விழுங்கல்' என்றே வைத்துவிடலாமே? யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

எளிமைதான், ஆனால் விழுங்கியது காணாமல் போய்விடும். 'ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் போர்க் பிடிக்கும் ஆள் காணாமல் போவதில்லை. 1990-இல் தொடரின் விண்கப்பல் கேப்டன் பிகார்டைப் பிடித்து லொக்யூட்டஸ் என்ற போர்க் ஆக்கிய கதையை நினைத்துப் பாருங்கள். திரையில் அதே முகம்தான். தோல் வெளிறி, கண்ணோரம் ஒரு கருவி. பயமே அந்த முகம் அடையாளம் தெரிவதில்தான் இருக்கிறது. அவர் அறிந்த போர் உத்தி எல்லாம் இப்போது கூட்டத்துக்கும் தெரியும். வுல்ஃப் 359 விண்மீன் அருகே நடக்கும் போரில் பிகார்ட் தரப்பின் 39 கப்பல்கள் அழிகின்றன.

அசிமிலேஷனுக்கு நம்மிடம் ஏற்கெனவே சொற்கள் உண்டு. ஓர் ஒலி பக்கத்து ஒலியைப் போல மாறுவதைச் சொல்லும் மொழியியலின் 'ஓரினமாதல்' இங்கே ஒட்டாது. செரிமானப் பாடத்தில் வரும் 'தன்மயமாதல்' நன்றாகவே நெருங்குகிறது. உண்டது உடலாகவே ஆகிவிடுகிறது அல்லவா? ஆனால் போர்க் விஷயத்தில் இது தானாக நடப்பதில்லை, பிடித்து வைத்துச் செய்வது. அதனால் 'ஆதல்' போய் 'ஆக்கல்' வர வேண்டும். அப்புறம் அந்தத் 'தன்'. அது ஒருமை. போர்க்குக்கு 'நான்' என்பதே கிடையாது. எனவே பன்மையில் 'தம்' போட்டு, தம்மயமாக்கல் என்று முன்மொழிகிறேன்.

ஓர் எழுத்துக்கு இவ்வளவு பிடிவாதமா என்றால், ஆமாம். இந்த வில்லனின் உயிரே அந்த ஒருமை பன்மையில்தான் இருக்கிறது. 1992-இல் வந்த 'ஐ, போர்க்' கதையில், கூட்டத்திலிருந்து பிரிந்து சிக்கிய ஓர் இளைஞனுக்கு ஹியூ என்று பெயர் வைக்கிறார்கள். தன்னையே 'நாங்கள்' என்றுதான் சொல்லிக்கொள்கிறான். பிகார்ட் லொக்யூட்டஸைப் போல நடித்து, இந்தக் கப்பலைப் பிடிக்க உதவு என்று கட்டளையிடும்போது, 'நான் உதவ மாட்டேன்' என்கிறான். கதை திரும்புவது அந்த 'நான்' என்ற சொல்லில்தான்.

1996 ஸ்டார் ட்ரெக் திரைப்படத்தில் போர்க்குக்கு அரசி என்று ஒருத்தி வந்த பிறகு 'தன்மயமாக்கல்' பொருந்தும் என்று வாதிடலாம். என்னைக் கேட்டால் அரசி வந்ததில் போர்க் சிறுத்துப்போனது. பேரம் பேசவும் ஆசை காட்டவும் ஆள் கிடைத்துவிட்டால் அது வழக்கமான வில்லன்தான். 1989-இல் முதலில் வந்தபோது, தங்கள் கப்பலுக்குள் வேற்றாட்கள் நடந்து போனாலும் அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நம் சொல் அந்தப் போர்க்குக்கானது.

சரி, வசனத்தில் ஒரு சிக்கல் உண்டு. 'தம்' படர்க்கை; அவர்கள் வாயால் சொல்லும்போது 'உங்களை எம்மயமாக்குவோம்' என்று வர வேண்டும். துணைத்தலைப்பு எழுதுபவர்கள் அங்கே 'நம்' போட்டுவிடக் கூடாது. கேட்பவர் இன்னும் வெளியேதான் நிற்கிறார்.